வடக்கு எந்தப் பக்கம்

ஆர்க்கிடெக்ட் ரங்கப்பிரசாத் ஒரு கோடு போட்டுவிட்டால் கடவுளே வந்தாலும் அதை அழிக்கக் கூடாது. மதுரையில் அவருடைய ஆபீஸில் அதுதான் சட்டம்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு நூலகம் வரைந்தார். ரோட்டைப் பார்த்து நெடுகக் கண்ணாடிச் சுவர். ரோடு இருந்ததோ மேற்கே. சாயங்கால வெயிலில் பிள்ளைகள் வெந்துபோவார்கள், எத்தனை ஏசி போட்டாலும் தாங்காது என்று தாளாளர் பிளானைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சார் அதை, ஆபீஸில் பிளான் வரையும் பூரணியின் மேஜையில் போட்டார். "நாளைக்குள்ள சூடு பாதியாகணும். என் கோடு ஒண்ணைக்கூட அழிக்கக் கூடாது. முடியலைன்னா வேற வேலை பாத்துக்கோம்மா."

"ஒண்ணைக்கூடவா சார்?"

"ஒண்ணைக்கூட."

இந்த மாதத்தில் இப்படித் திரும்பி வந்து அவள் தலையில் விழுந்த நாலாவது பிளான் இது. பூரணிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் தாளாளர் வந்து பார்த்தார். "இப்பதான் சரியா இருக்கு. எதையெல்லாம் மாத்தினீங்க?"

சார் பூரணியைப் பார்த்தார்.

"எதையும் மாத்தலைங்கய்யா. இடம் தாராளமா இருக்கு. கட்டடத்தை அப்படியே திருப்பிவெச்சேன், கண்ணாடி வடக்கே போயிடுச்சு. பிளான்ல வடக்கு எதுன்னே குறிக்கலை. அதுக்கு ஒரு அம்புக்குறி போட்டேன். அவ்வளவுதான்."

தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வெயில் எந்தப் பக்கம் வரும்னு பாக்காமலா சார் வரைஞ்சீங்க?"

சார் தண்ணீர் குடித்தார்.

பூரணி தன் இடத்துக்குப் போனாள். மேற்கு ஜன்னலோரம் அவள் மேஜை. அதை நகர்த்த ஆறு வருஷமாக அனுமதி கேட்டு அலுத்திருந்தாள். அன்று கேட்கவில்லை. தானே இழுத்துத் திருப்பிப் போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.