பாதம் தெரிய வேண்டிய திரை

“சாமி, ஜனங்க ஓடுறாங்க” என்றார் மாசிலாமணி.

“நீங்க துரத்துறீங்களா பெரியவரே?”

“விளையாடாதீங்க. போன பௌர்ணமிக்கு உங்க பேச்சு பாதியிலேயே முன்வரிசை காலி.”

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்து நான்கு.

மலையடி மைதானத்தில் கூட்டம் பெருகிப்போனதால், குரு பேசுவதைப் பெரிய எல்.இ.டி. திரையில் காட்டினார்கள். அது மாசிலாமணியின் பொறுப்பு. பனைமரம் மாதிரி நெட்டையாக நிறுத்தியிருந்தார். தலை உச்சியில் தெரியும், பாதம் அடியில் தெரியும்.

மேடைக்குக் கீழே வெல்டர் இன்னாசி கத்தினார். “ஐயா, திரைச் சட்டத்தைப் பழையபடி நெட்டுக்க நிறுத்தவா, குறுக்கால போடவா? ஆறு மணிக்குக் கூட்டம் வந்துரும்!”

“பொறுய்யா!”

மாசிலாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. துண்டு இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போனது. திரும்ப வந்தது.

“குறுக்கால போட்டா நீங்க இடுப்போட முடிஞ்சுருவீங்க. நான் இங்க வந்த அன்னைக்கு உங்க முகத்தைப் பார்க்கலை சாமி. பாதத்தைத்தான் பார்த்தேன். அதை ஜனங்களுக்குக் காட்ட முடியலைன்னா எனக்கு இங்க வேலையில்லை. பையைக் கட்டிட்டேன்.”

பை உண்மையாகவே காலடியில் இருந்தது.

குரு பையைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்தார்.

“என் மூக்கையே பாருங்க. கண்ணு அசையக் கூடாது.”

இரண்டு கையையும் நீட்டி, சீடரின் ஒவ்வொரு காதுப் பக்கமும் ஒரு பழத்தை ஆட்டினார்.

“தெரியுதா?”

“ரெண்டு பக்கமும் மஞ்சளா என்னமோ ஆடுது.”

ஒன்றைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்.

“இப்ப?”

“இல்லை. புருவம் மறைக்குது.”

மற்றதைத் தாடைக்கு அடியில் பிடித்தார்.

“இது?”

“கன்னம் மறைக்குது.”

“கழுத்தை ஆட்டாதீங்க!”

“ஆட்டாம எப்படி சாமி மேலயும் கீழயும் பார்க்கிறது?”

குரு பழத்தை உரித்தார். வாயில் பாதிப் பழத்தோடு அவர் பேச, முன்வரிசையில் உட்காரும் ராக்காயியின் கீச்சுக்குரல் அச்சாக வந்தது.

“முகத்தைப் பார்த்தா பாதத்தைக் காணோம், பாதத்தைப் பார்த்தா முகத்தைக் காணோம். கழுத்து போச்சுடி செல்லத்தாயி!”

அடுத்தது, பக்கத்தில் உட்காரும் பழைய தலைமையாசிரியரின் கரகரப்பு.

“நான் துண்டை விரிச்சுப் படுத்துட்டேன்மா. படுத்தாத்தான் முழுசாத் தெரியுது. அஞ்சு நிமிஷத்துல தூங்கியும் போயிட்டேன்.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றது.

“அப்ப... பாதம்?”

“ஐயா!” கீழே இன்னாசி மறுபடி கத்தினார். “மிஷினை அணைச்சுட்டுக் கிளம்பட்டுமா?”

“குறுக்காலயே போடச் சொல்லுங்க. அந்தப் பையைக் கொடுங்க” என்றார் குரு.

கொடுத்தார்.

குரு பையை மேடைப் பாயின் ஒரு ஓரத்தில் வைத்தார். அதில் தலையைச் சாய்த்து, கேமராவுக்கு எதிரே நீளமாகப் படுத்தார். தலை ஒரு கோடியில், பாதம் மறு கோடியில்.

“சாமி! கூட்டம் வர்ற நேரத்துல என்ன இது? எழுந்திரிங்க!”

“யாராவது படுத்துத்தான் ஆகணும்னா பெரியவரே, அது நானா இருந்துட்டுப் போறேன்.”