பை வைத்த பனியன்

துறைமுகச் சுங்க அலுவலகத்தில் தெய்வநாயகம் சார் சொன்னால் பஞ்சும் இரும்பாகிவிடும். அப்படி ஒரு அதிகாரம். சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் ஏஜெண்டு ஆபீசில் காகிதம் சுமக்கும் சந்தனமாரி அன்று அவர் முன்னால் நின்றாள். வங்கதேசத்திலிருந்து வந்த பருத்திப் பின்னல் பனியன்களை அவர் வேறு வகையில் சேர்த்துவிட்டால் தீர்வை எகிறும், அவளுடைய வேலையும் போகும்.

சார் ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்தார். "இதுல பை இருக்கே. பை வச்சா அது சட்டைதான்."

"உள்ள போடுற பனியன் சார்."

"உள்ள போடுறதுக்கு எதுக்கும்மா பை? கௌரவமான மனுஷன் எவனாவது இதைப் போடுவானா? ஒருத்தனைக் காட்டு, பனியன்னே எழுதுறேன்."

சுற்றியிருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி சார். சட்டைன்னே முத்திரை குத்திருங்க."

இவ்வளவு சீக்கிரம் பணிந்துவிட்டாளே என்று சாருக்கு ஏகக் குஷி. சட்டைப் பித்தான் இரண்டைக் கழற்றினார். உள்ளே கைவிட்டு, பனியன் பையிலிருந்து முத்திரைப் பெட்டியின் சாவியை எடுத்தார்.

"சட்டைக்குள்ள இன்னொரு சட்டையா சார் போட்டிருக்கீங்க?" என்றாள் சந்தனமாரி.

குமாஸ்தாக்கள் எல்லோரும் மேசைக்கடியில் பேனா தேடினார்கள். சார் பித்தானைப் பூட்டிக்கொண்டு, 'பனியன்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

மறுநாளிலிருந்து அந்தச் சாவி சுவர் ஆணியில் தொங்குகிறது.