பெரிய வியாழன் தண்ணீர்

"சிஸ்டர், எனக்குத் தைரியம் வேணும்" என்றார் ஃபாதர் இஞ்ஞாசி.

தைரியத்தைப் பற்றி அவர் பிரசங்கம் வைத்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். பக்கத்துக் கோயில் பங்குகளிலிருந்து கார் வைத்து அவரைக் கூட்டிப்போவார்கள். அப்பேர்ப்பட்டவர், தம்மைவிடப் பதினைந்து வயது இளையவரான சிஸ்டர் அமலோற்பவத்தின் தியான இல்லத்தில், கொடுத்த காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மனசு குழம்பினால் அவர் வருகிற இடம் இதுதான்.

"நாளைக்குப் பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குச் செஞ்ச மாதிரி பன்னிரண்டு பேர் காலைக் கழுவணும்."

"வருஷா வருஷம் கழுவுறதுதானே?"

"கோயில் கட்டின நாள்லேர்ந்து பன்னிரண்டு பேரும் மேலத்தெருதான். இந்த வருஷம் கீழத்தெரு யாகப்பனையும் உட்காரச் சொல்லிட்டேன். ஸ்கூல் வேன் ஓட்டுறவர். அவர் உட்கார்ந்தா நாங்க எல்லாரும் எழுந்து போயிடுவோம்னு பங்குப் பேரவைத் தலைவர் ஞானாதிக்கம் சொல்லிட்டார்."

சிஸ்டர் காபியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"யாகப்பனை இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"அதுக்கா தைரியம் கேட்டீங்க?"

ஃபாதர் தலை குனிந்தார்.

"போன வருஷம் கழுவி முடிச்சப்ப பேசின்ல தண்ணி எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"கலங்கியிருந்துச்சா?"

"இல்லையே. ஊத்தின மாதிரியே இருந்துச்சு. எல்லாரும் வீட்லயே சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டுத்தானே வருவாங்க."

"அப்ப நீங்க எதைக் கழுவுனீங்க?"

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்து பழகியவருக்கு அது கொஞ்சம் வலித்தது.

"நினைச்சாலே கால் நடுங்குது சிஸ்டர்."

"நாளைக்கு நீங்க நிக்கவா போறீங்க? மண்டிதானே போடப் போறீங்க? காபி ஆறுது ஃபாதர்."

மறுநாள் மாலைப் பூசை. பீடத்துக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேலத்தெருக்காரர்கள் வந்து அமர்ந்தார்கள். யாகப்பன் வந்து கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

ஞானாதிக்கம் எழுந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே போய், கோயில் முற்றத்துச் செம்மண்ணில் நின்றார்கள்.



ஃபாதரின் கையில் பிரசங்கம் இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டுச் செம்பை எடுத்தார், மண்டியிட்டார்.

யாகப்பனின் வலது காலைக் கையில் ஏந்தினார். சோப்பு மணத்தது. குதிகால் சிவக்குமளவுக்குத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. தம் காலைவிட அதிகமாக.

இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டா இந்த மனிதர் இவ்வளவு பேர் முன்னால் நடந்து வந்து உட்கார்ந்தார்? ஃபாதருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் நடுங்குது யாகப்பன்" என்றார் மெதுவாக.

அங்கியில் மாட்டியிருந்த மைக் அதைக் கோயில் முழுக்கச் சொல்லிவிட்டது. முற்றத்து ஒலிபெருக்கியும் சொன்னது.

"உங்களுக்குமா சாமி?" என்று கேட்டார் யாகப்பன்.

அதையும் சொன்னது.

ஃபாதர் காலைக் கழுவித் துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். பிறகு எழுந்திருக்காமல், மண்டியிட்டபடியே பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார். அது காலியாக இருந்தது. அதன் முன்னால் செம்போடு காத்திருந்தார்.

நேரம் போனது. பாடகர் குழு பாடலை முதலிலிருந்து மறுபடி எடுத்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. குனிந்திருந்த ஃபாதருக்கு முதலில் தெரிந்தது கால்தான். கணுக்கால் வரை செம்மண்.

"மண்ணா இருக்கு சாமி" என்றார் ஞானாதிக்கம், யார் முகத்தையும் பார்க்காமல்.

"இருக்கட்டும். காட்டுங்க."

பேசினில் தண்ணீர் கலங்கியது.