வளையாத பாலம்

காண்ட்ராக்டர் மாசிலாமணி ஓடைப்பட்டியில் ஒரு பாலம் கட்டினார். பாரம் ஏற்றினால் அது எவ்வளவு வளைகிறது என்று லேசர் கருவியால் அளக்கச் செங்கமலம் வந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தார்ப்பாய் மூடிய மணல் லாரிகள் பாலத்தின்மேல் வரிசையாக வந்து நின்றன. கருவி சுழன்று அளந்தது. பாலம் இம்மியும் வளையவில்லை.

"பாத்தியாம்மா, இரும்புக் கோட்டை! வளையாத பாலம்னு எழுது. எழுதலேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது" என்றார் மாசிலாமணி. பக்கத்திலிருந்த தலைமைப் பொறியாளரும் தலையாட்டினார்.

"தாராளமா எழுதுறேன் சார். கூடவே உங்க லாரிகளைப் பாராட்டியும் ஒரு வரி எழுதிடறேன்."

"லாரியையா? எதுக்கு?"

"காலையில காலியா நின்னப்பவே அதுங்களையும் அளந்தேன். இவ்வளவு மணலை ஏத்தியும் ஸ்பிரிங் துளிகூட அமுங்கலையே! பாலத்தைவிட உங்க லாரிதான் சார் கெட்டி."

பொறியாளர் தலையாட்டுவதை நிறுத்திவிட்டுத் தார்ப்பாயை விலக்கச் சொன்னார். உள்ளே முழுக்க உமி. அடித்த காற்றில் பாதி உமி மாசிலாமணியின் மீசையில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் நிஜமான மணல் லாரி பாலத்தில் முன்சக்கரம் வைத்ததுதான் தாமதம், நடுவில் நின்ற மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார்.

செங்கமலம் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினாள். அதற்குமேல் அளக்க என்ன இருக்கிறது?