வாசலில் கிடந்த நாய்

பங்களாக்களுக்குத் தோட்டம் போட்டுத்தரும் பட்டணத்துக் கம்பெனி, நல்லமுத்துவின் பண்ணையில்தான் புல் வாங்கியது. அங்கே ஆட்களை அடைத்துவைத்து வேலை வாங்குவதாகப் புகார் போக, விசாரிக்கக் கம்பெனியிலிருந்து ரெஜினா மேடம் காரில் வந்து இறங்கினார். வாசலில் கிடந்த நாய் வாலாட்டியது.

"அடிமையா? இதுங்க எல்லாம் என் பிள்ளைங்க மாதிரி மேடம். நினைச்ச நேரம் வெளிய போகலாம். செங்காயி, நீயே சொல்லு!" என்று மீசையைத் தடவினார் நல்லமுத்து. என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலேயே பிரம்பைக் காட்டிப் பாடம் நடத்தியிருந்தார் அந்த மகராசன்.

"ஐயா சொல்றது நெசம்தாம்மா. வேணும்னா இப்பவே போய்க் காட்டறேன்" என்ற செங்காயி, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

நாய் துள்ளி எழுந்தது. பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு அவளை மறித்தது.

"அது... புது ஆளைக் கண்டா அப்படித்தான் மேடம்" என்றார் நல்லமுத்து.

செங்காயி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "தினம் அதுக்குச் சோறு வைக்கிறவ நான். புது ஆளு நீங்கதாம்மா. உங்களைப் பார்த்துக் குரைச்சுதா?"

மேடம் புல் பெயர்த்துக்கொண்டிருந்தவர்களின் கால்களை அப்போதுதான் பார்த்தார். கெண்டைக்காலில் பல் பதிந்த தழும்பு இல்லாத ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை.