மிளா மானில் நாயின் பங்கு

செங்குளம் ஜமீன்தார் கறி தொடமாட்டார். ஆனால் மான் சுடாமல் இருக்கமாட்டார். தலை பாடம் செய்யப்பட்டுச் சுவருக்குப் போகும். உடலை யாரையும் தொடவிடாமல் காட்டிலேயே நரிக்கு விட்டுவிடுவார்.

வேட்டையில் தகரம் தட்டி மானை விரட்டிவிடுகிறவன் மொக்கையன். ஒரு நாள் அவன், "சுவருக்காகக் கொல்ற வேட்டைக்கு இனி நான் வரல, சாமி" என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லிவிட்டான்.

ஜமீன்தாருக்கு மீசை துடித்தது. "நேத்து முயல் கறி தின்னவன்தானே நீ? உன் வேட்டைக்கும் என் வேட்டைக்கும் என்னடா வித்தியாசம்? இப்பவே காட்டு. இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள ஊரைக் காலி பண்ணு!"

மொக்கையன் தலையைச் சொறிந்தான். "ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றீங்களா, சாமி?"

"ஒண்ணேதான்!"

"அப்ப பங்கு குடுங்க. எங்க வேட்டையில கூட ஓடுன நாய்க்கும் பங்கு உண்டு. போன மாசம் நீங்க சுட்ட மிளா மானை விரட்டுனது நானும், வாசல்ல படுத்திருக்கிற என் நாய் செவலையும்தான். எங்க பங்கு இன்னும் வரலையே?"

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். சொன்ன வார்த்தையை விழுங்க முடியாமல் ஜமீன்தார் அந்த மான் தலையை இறக்கச் சொன்னார். மொக்கையன் கழுத்துத் தையலைப் பிரித்தான். வைக்கோல் கொட்டியது. ஆளுக்கொரு பிடி கொடுத்தான், ஜமீன்தாருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. கடைசிப் பிடியைச் செவலை முன்னால் வைத்தான்.

செவலை மோந்து பார்த்தது. ஒரு தும்மல் போட்டது. முயல் எலும்பு கிடக்கிற மொக்கையன் குடிசையைப் பார்த்து நடையைக் கட்டியது.

"வித்தியாசம் கேட்டீங்களே, சாமி," என்றான் மொக்கையன். "அதோ போகுது."