மண்புழு எலும்பைத் தொலைத்த கதை

அந்தக் காலத்தில் மண் என்பது கூடையில் வரும் பொருள். உலகம் முழுக்கப் பாறை. பள்ளமான இடங்களில் மட்டும், மழைத் தண்ணீர் இழுத்து வந்து சேர்த்த வண்டல் கொஞ்சம் கிடந்தது. மிருகமும் பூச்சியும் மனிதரோடு ஒரே பாஷை பேசிய காலம் அது. அதனால் எல்லோரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சு பொதுவாக இருந்தது, அவ்வளவுதான்.

மலைமேல் மேலப்பாறை என்று ஓர் ஊர். மலைக்குக் கீழே கீழக்குளம் என்று ஓர் ஊர். கீழக்குளத்தாருக்குப் பெரிய குளம் ஒன்று இருந்தது. அதன் கரை, அவர்களுடைய முன்னோர் கல்மேல் கல் அடுக்கிக் கட்டியது. கரைக்குக் கீழே வயல், வயலுக்கு நடுவே வீடுகள். மேலப்பாறையாருக்கு இருந்ததெல்லாம் வெயிலும் வெள்ளாடும்தான்.

கோடையில் குளம் வற்றும்போது மேலப்பாறைப் பெண்கள் கூடையோடு இறங்கி வருவார்கள். வீட்டுக்கு ஒரு கூடை வண்டல் அள்ளிக்கொள்ளலாம் என்பது வழக்கம். அதைத் தலையில் சுமந்து மலையேறி, பாறைக் குழியில் கொட்டி, கொஞ்சம் கீரை விதை தூவுவார்கள். ஆடிக் காற்று வந்து மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்த கோடையில் மறுபடியும் கூடையைத் தூக்குவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி வெள்ளச்சி. இடுப்பில் கைக்குழந்தை. அவளுக்கு மண் அள்ளிப் போட்டவள் கீழக்குளத்து ஆவுடை. குளத்து மடையைத் திறந்து மூடுகிற வேலை ஆவுடையுடையது. அந்த வருஷம் அவள் கூடைக்குள் ஒன்றை வைத்து, மேலே வண்டலைப் போட்டு மூடினாள்.

"உள்ள ஒருத்தர் இருக்காரு. அலுங்காம கொண்டு போ. அவரு எச்சில் பட்டா பாறை மண்ணாயிரும். எங்களுக்கு இருக்கிற மண்ணு போதும். ஒங்க ஊருக்குத்தான் அவரு வேணும்."

"இதப் போயி எனக்கு எதுக்குக்கா தாரீங்க?"

"வருசா வருசம் நீ பிள்ளையையும் தூக்கிக்கிட்டு, கூடையையும் தூக்கிக்கிட்டு ஏறிப் போறதப் பாக்க முடியல. அதான்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிபந்தனை இல்லை, ஒரு சத்தியம் வாங்கவில்லை. ஆவுடைக்கு அப்படியெல்லாம் யோசிக்கத் தெரியாது.

கூடைக்குள் இருந்தது மண்புழு. இன்று நாம் பார்க்கிற மண்புழு அல்ல. கை பருமன் இருக்கும். இரண்டு கண், வரிசையாகப் பல், தலை தொடங்கி வால்வரை எலும்பு. குரல் பெரிது. அது வேலை செய்யும் அழகைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பாறைமேல் ஏறிப் படுத்து, முதலில் கண்ணால் நன்றாகப் பார்க்கும். பிறகு எச்சிலைத் தடவும். பாறை வேர்க்கும். வேர்த்து வெடிக்கும். வெடித்தது உதிர்ந்து, பொழுது சாய்வதற்குள் கறுப்பு மண்ணாகக் கிடக்கும்.

"பாறைங்கிறது தூங்குற மண்ணு. நான் எழுப்பி விடுறேன், வேற ஒண்ணுமில்ல" என்று மண்புழு சொல்லும். அதற்கு அந்த வேலையில் அத்தனை சந்தோஷம்.

மேலப்பாறையில் வரகு விளைந்தது. முதல் கதிர்க்கட்டை வெள்ளச்சி தலையில் வைத்து ஆவுடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அவரு நல்லா இருக்காரா?" என்று ஆவுடை கேட்டாள்.

"நல்லா இருக்காரு. சாமிக்கு நடத்துற மாதிரி ஆடியில அவருக்குக் கொடை நடத்தப் போறோம்க்கா. மேளம், மாலை எல்லாம் உண்டு."

"மாலையா? அதெல்லாம் வேணாம்டி. அவரைக் கெடுத்துப்புடுவீங்க."

கெடுத்தார்கள். மண்புழுவைச் சாமி என்று கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். கொஞ்ச நாளில் அது யாராவது வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் ஆயிற்று.

மேலப்பாறைக்குத் தலைவன் சடையன். கெட்டிக்காரன். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவன் ஒரு நாள் சுரைக்குடுவையோடு வந்து மண்புழுவின் முன்னால் உட்கார்ந்தான்.

"சாமி, மலை எம்மாம் பெரிசு. ஒவ்வொரு பாறையா ஊர்ந்து ஊர்ந்து ஒங்க வயிறெல்லாம் தேஞ்சு போச்சு. பாக்க எங்களுக்கே சங்கடமா இருக்கு. இதுல துப்பிக் குடுங்க. நாங்க கொண்டு போயித் தடவிக்கிடுதோம்."

மண்புழுவுக்கு அது நியாயமாகப் பட்டது. வயிறு எரிந்ததும் உண்மைதான். அன்றுவரை அது தன் கண்ணால் பார்க்காத கல்லின்மேல் எச்சிலை விட்டதில்லை. அன்று குடுவையில் விட்டது. அடுத்த நாள் சடையன் இன்னொரு குடுவை கொண்டுவந்தான்.

மண் வந்துவிட்டால் தண்ணீர் வேண்டும். மலையில் ஓர் ஓடை உண்டு. அது மேலப்பாறை வழியாக ஓடிக் கீழக்குளத்தில் விழும். முன்பெல்லாம் அதை மறிக்க மேலே மண் கிடையாது. இப்போது இருந்தது. ஓடைக்குக் குறுக்கே அணை போட்டார்கள். கீழே குளம் அரைகுறையாக நின்றது. கீழக்குளத்தார் ஏறி வந்து பேசிப் பார்த்தார்கள். சடையன் எல்லோருக்கும் மோர் கொடுத்து, ஆகட்டும் பார்க்கலாம் என்றான். அவர்கள் மோரைக் குடித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து அணையை வெட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். யார்மேலும் கை படவில்லை. ஓடை பழையபடி குளத்துக்கு ஓடியது. ஆனால் தன் வீட்டு வாசல் வழியாக மண்வெட்டியோடு போனவர்களைச் சடையன் மறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நண்டு மலையேறி வந்தது. குளத்துக் கரைக் கல்லிடுக்கில் குடியிருந்த நண்டு.

"ஒங்க ஊரு ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க" என்று அது மண்புழுவிடம் சொன்னது. "கரை அடியில எத்தன அகலம்னு எங்கிட்ட கேட்டாங்க. எந்த இடத்துல கல்லு லேசா இருக்குன்னு கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டா, சும்மான்னாங்க."

மண்புழு சடையனைத் தேடிப் போனது.

"நான் துப்பிக் குடுத்த குடுவையெல்லாம் எங்க?"

"பத்திரமா இருக்கு சாமி."

"எதுக்கு வச்சிருக்க? குளத்துக் கரைக்கா?"

சடையன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம்.

"ஆமா சாமி. ஆனா ஊத்துறதுக்கு இல்ல, வச்சிருக்கிறதுக்கு. நம்மகிட்ட இது இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும். இனிமே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வர மாட்டாங்க. சண்டையே வராது. நீங்களும் அதத்தான விரும்புவீங்க?"

"ஊத்த மாட்டியே?"

"ஊத்துறதா இருந்தா ஒங்கள ஒரு வார்த்த கேக்காமலா?"

மண்புழு இதை நம்பியது என்று நான் சொல்ல மாட்டேன். நம்புவது அதற்குச் சௌகரியமாக இருந்தது. மறுநாள் கொடை. மாலை கட்டி வைத்திருந்தார்கள். திரும்பி வந்து நண்டிடம், "பேசிட்டேன், ஒண்ணும் ஆகாது" என்றது.

"ஒண்ணும் ஆகலைன்னா நல்லதுதான். நான் வேற வீடு பாத்துக்கிடுதேன்" என்றது நண்டு. அன்றைக்கே பெண்டாட்டி பிள்ளைகளோடு கரையைவிட்டுக் கிளம்பிப் போனது.

மண்புழுவுக்கு மனசு கேட்கவில்லை. தானே இறங்கிப் போய் ஆவுடையைப் பார்த்திருக்கலாம். போகவில்லை. மாலையும் கழுத்துமாக எப்படிப் போவது? வெள்ளச்சியைக் கூப்பிட்டுவிட்டது.

"ஆவுடைகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. ஊருல எல்லாரும் கரைக்குக் கீழ இருந்து மேட்டுக்கு மாறிக்கிடட்டும். குளம் நிறையுற காலத்துல கரைய நம்ப வேணாம்னு சொல்லு."

"சொல்லிருதேன் சாமி" என்றாள் வெள்ளச்சி.

ஐப்பசியில் மழை பிடித்தது. குளம் நிறைந்து தளும்பியது. கீழக்குளத்தில் எல்லோரும் வயலில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த மத்தியான நேரம். சடையனின் ஆட்கள் குடுவைகளோடு இறங்கிப் போய், நண்டு காட்டிக்கொடுக்காத இடத்தைத் தாங்களே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்து, கொண்டுபோன எல்லாவற்றையும் கொட்டினார்கள். மண்புழுவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எச்சிலுக்கு அது யார் கட்டிய கல் என்று தெரியாது. கரை மண்ணாயிற்று. மண் சேறாயிற்று. சேறு ஊரின்மேல் இறங்கியது.

நடந்ததைப் பார்த்தது ஒரு கொக்கு. மண்புழுவிடம் வந்து சொன்னதும் அதுதான்.

"மடைக்காரப் பொம்பள கரை வேர்க்குறதப் பாத்துட்டா. கையால தொட்டு மோந்து பாத்தா. பாத்தவொடன அவளுக்கு வெளங்கிருச்சு. 'ஓடுங்க, ஓடுங்க'ன்னு கத்துனா. மழைச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. அவ மட்டும் ஓடியிருந்தா பொழச்சிருப்பா. கத்திக்கிட்டேதான் நின்னா."

மண்புழு மாலையோடு மலையிலிருந்து இறங்கியது. சேற்றுக்குள் புகுந்து தோண்டித் தோண்டிப் பார்த்தது. அடுப்பு கிடைத்தது, உலக்கை கிடைத்தது, நாற்றுமுடியைப் பிடித்தபடி இருந்த கைகள் கிடைத்தன. ஆவுடையும் கிடைத்தாள். சுற்றிலும் மண். அது செய்த மண்ணிலேயே மிக நல்ல மண் அதுதான். கறுப்பாக, வெண்ணெயாக, விரலை வைத்தால் உள்ளே இறங்குகிற மண். அதுதான் மண்புழுவால் தாங்க முடியாமல் போனது.

மேலப்பாறையார் இறங்கி வந்து அந்த நிலத்தைக் கோடு கிழித்துப் பிரித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் நெல் நெஞ்சு உயரம் நின்றது. முதல் கதிர்க்கட்டை மண்புழுவுக்குக் கொண்டுவந்தவள் வெள்ளச்சி.

"ஆவுடைகிட்ட சொன்னியா?" என்று மண்புழு கேட்டது.

வெள்ளச்சி கதிர்க்கட்டை இறக்கி வைத்தாள். "போகணும்னுதான் இருந்தேன். மழை பிடிச்சிருச்சு."

"மழைக்கு முந்தி எத்தன நாளு இருந்துச்சு."

அவள் குனிந்து, கட்டிலிருந்து உதிர்ந்த நெல்லைப் பொறுக்கினாள்.

"ஒன் வயலு எந்தப் பக்கம்?"

"மடைக்குக் கீழ." பிறகு அவளே சொன்னாள்: "நான் வேண்டாம்னா வேற ஒருத்தி வாங்கியிருப்பா சாமி. நான் வேண்டாம்னு சொல்லி, ஆவுடையக்கா எந்திரிச்சு வந்துருவாளா? எனக்கும் பிள்ள இருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சடையன்மேல்கூட அவ்வளவு கோபம் வருவதில்லை. சடையன் எல்லா ஊரிலும் இருக்கிறான். இவள் அந்தக் கூடையைத் தலையில் வாங்கினவள். அவள் சொன்னதற்குப் பதில் சொல்லத் தெரியாததால் கோபம் இன்னும் கூடுகிறது.

அறுவடை முடிந்ததும் சடையன் வந்தான். பின்னால் ஆட்கள், ஆட்கள் கையில் புதுக் குடுவைகள்.

"ஆத்துக்கு அந்தாண்ட ஒரு ஊரு இருக்கு சாமி. சுத்திலும் கல்லு மதிலு."

"கேக்காம ஊத்த மாட்டேன்னு சொன்னியே" என்றது மண்புழு.

"அதான் இந்தத் தடவ கேக்குறேன்ல."

ஆட்களில் ஒருவன் சிரித்தான். மண்புழு சிரித்தவனைப் பார்த்தது. குடுவைகளைப் பார்த்தது. கீழே நெஞ்சு உயரம் நின்று அறுபட்ட தாள்களைப் பார்த்தது. அதன் கண்கள் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

தலையைத் திருப்பி, உடம்பைச் சுருட்டி, வயிற்றில் இருந்த எச்சில் முழுவதையும் தன்மேலேயே துப்பிக்கொண்டது. எச்சிலுக்குக் கல்லும் ஒன்றுதான், எலும்பும் ஒன்றுதான். முதலில் எலும்பு வேர்த்தது. பிறகு உதிர்ந்தது. பல் உதிர்ந்தது. கண் இரண்டும் இரண்டு மண் துளியாகக் கீழே விழுந்தன. அது ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. குரலும் போய்விட்டிருந்தது.

சடையன் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "எச்சில் பை உள்ளதான் இருக்கும், வெட்டிப் பாருங்க" என்றான். மண்வெட்டியால் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் நெளிந்து நெளிந்து மண்ணுக்குள் போய்விட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு எச்சில்தான் மிச்சம் இருந்தது. ஒரு மணலை நனைக்க அது போதும். ஒரு கரையை உடைக்கப் போதாது. பாறையை ஒரு பகலில் மண்ணாக்கிய உயிர், அதற்குப் பிறகு காலமெல்லாம் இருட்டுக்குள் கிடந்து, மண்ணைத் தின்று மண்ணையே கழிக்கிறது.

சடையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பேரன் பேத்தி எடுத்து, நல்ல சாவு செத்தான். கீழக்குளத்துக்குப் புதுக் கரை கட்டி, அதற்கு அவன் பெயரை வைத்தார்கள். ஆவுடை பெயரில் ஒரு மடைகூடக் கிடையாது.

மண்புழு மட்டும் மறக்கவில்லை. மழை பெய்து, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அதன் உடம்பில் பட்டதும், கரை உடைந்துவிட்டது என்று அதற்குத் தோன்றுகிறது. கண் இல்லாமல், எலும்பு இல்லாமல், தட்டுத் தடுமாறி மேலே வருகிறது. ஆவுடை கத்தியதை இந்த முறையாவது எல்லோர் காதிலும் போட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறது. சத்தம் வருவதில்லை. வெயில் வந்ததும் அங்கேயே காய்ந்து சாகிறது. நாம் அருவருத்துச் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போகிறோம்.

அந்த ஐப்பசிக்குப் பிறகுதான் ஒவ்வொரு மழைக்கும் மண்புழு நம்மை ஓடச் சொல்ல மேலே வருகிறது. நாம் அதைப் பிடித்துத் தூண்டிலில் கோத்துக்கொண்டு குளத்துக்குப் போகிறோம்.